கிளை நூலக அலமாரியிலிருந்து ஒரு விடுதலை நாள் கண்காட்சி

இந்திய விடுதலையின் 75 ஆண்டு நிறைவையொட்டி, 2022 ஆகஸ்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள எங்கள் கிளை நூலகத்தின் வாசகர் வட்டம் ஒரு கண்காட்சியை அமைத்தது. கடையில் விற்கும் தலைவர் படங்களை வாங்கி ஒட்டுவதில்லை, நூலகத்தில் ஏற்கெனவே இருப்பவற்றையும் நூலகத்தின் வழியாகக் கேட்டுப் பெறக்கூடியவற்றையும் மட்டுமே பயன்படுத்துவது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டோம். சிறிய நூலகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இதே போன்ற வேலையில் இறங்க நினைக்கும் மற்ற வாசகர் வட்டங்களுக்கு உதவும் என்பதால், தேடியது முதல் கோப்பில் சேர்த்தது வரை நாங்கள் செய்த முறையை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை, எதைக் காட்டுவது என்று தீர்மானிப்பது. தண்டி யாத்திரையும் ஆகஸ்ட் புரட்சியும் எல்லாப் பள்ளிச் சுவர்களிலும் இடம்பெறும். அந்த நாளில் இந்த ஊர் எப்படி இருந்தது என்ற கேள்விக்கு விடை தேடும் பொறுப்பு உள்ளூர் நூலகத்துக்குத்தான் உண்டு. எங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் இருக்கிறது. இன்றைய மாவட்டத்தின் பெரும்பகுதி 1947 ஆகஸ்ட் 15 அன்று பிரிட்டிஷ் இந்தியாவைச் சேர்ந்ததன்று. ஏறத்தாழ 1,178 சதுர மைல் பரப்புள்ள, ராஜகோபாலத் தொண்டைமான் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானம் அது. அறந்தாங்கிப் பக்கத்து ஊர்களோ சென்னை மாகாணத்தின் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தன. சமஸ்தானம் 1948 மார்ச் மாதத் தொடக்கத்தில் மாகாணத்தோடு இணைக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பிரித்தெடுத்த பகுதிகளைச் சேர்த்து இன்றைய மாவட்டம் உருவானது 1974 ஜனவரி 14 அன்றுதான். ஆகவே, ஒரே பேருந்தில் சென்று வரக்கூடிய தொலைவில் உள்ள இரண்டு ஊர்களுக்கு விடுதலை நாளான அந்த வெள்ளிக்கிழமை இரண்டு வேறு பொருள்களைக் கொண்டிருந்தது. ‘1947இல் நம் ஊர்’ என்று கண்காட்சிக்குப் பெயர் வைத்து, ஆகஸ்டிலிருந்து மார்ச் வரையிலான அந்த இடைக்காலத்தை நடுவில் நிறுத்துவது என்று முடிவாயிற்று.

தேடலை வரலாற்று அலமாரியில் தொடங்குவது இயல்பு. ஆனால் அங்கே உள்ளூருக்கென்று கிடைப்பது குறைவு. நாட்டு விடுதலை பற்றிய நூல்களில் சமஸ்தானம் ஒரு வரியில் வந்து போகிறது. குறிப்புதவிப் பிரிவில் 1983இல் வெளியான மாவட்ட விவரச்சுவடி இருந்தது. அதுவே எங்களுக்கு முதல் கைவிளக்கு. சமஸ்தான காலத்திலேயே, 1938க்கும் 1944க்கும் இடையில் கே. ஆர். வெங்கடராம அய்யர் தொகுத்த சமஸ்தானக் கையேட்டின் தொகுதிகள் மின்வடிவில் கிடைத்தன. விடுதலைக்குச் சற்று முன்பு சமஸ்தானத்தின் சாலைகள், கண்மாய்கள், பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவை எந்த நிலையில் இருந்தன என்பதை ஊர்வாரியாகச் சொல்லும் அத்தொகுதிகளுக்கு ஈடான ஆதாரம் எங்களுக்கு வேறு கிட்டவில்லை. ஆங்கிலத்தில் இருந்ததால், எங்கள் வட்டாரம் பற்றிய பத்திகளை மட்டும் தமிழில் சுருக்கி எழுதினோம்.

உண்மையில் கண்காட்சிக்கு உயிர் கொடுத்தவை மலர்கள்: பள்ளிகளின் பொன்விழா மலர்கள், கூட்டுறவுச் சங்கங்களின் ஆண்டு மலர்கள், கோயில் குடமுழுக்கு மலர்கள், மறைந்த ஆசிரியர்களுக்கு மாணவர்கள் வெளியிட்ட நினைவு மலர்கள். இவை பெரும்பாலும் விலைக்கு வாங்கப்பட்டவை அல்ல, நன்கொடையாக வந்தவை. அதனால் பொருள்வாரியாகத் தேடினால் எளிதில் அகப்படுவதில்லை. சில இலக்கியத்தின் கீழும், சில சமயத்தின் கீழும், சில பொது என்ற தலைப்பின் கீழும் கிடக்கும். நூலகரின் அனுமதியோடு நூல் இருப்புப் பதிவேட்டையே பக்கம் பக்கமாகப் புரட்டி, ‘நன்கொடை’ என்று குறிக்கப்பட்ட ஒவ்வொரு வரியையும் தனியே எழுதிக்கொண்டோம். இது அலுப்பூட்டும் வேலைதான். ஆனாலும் இதற்குக் குறுக்குவழி இல்லை, குறுக்குவழி தேடவும் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு மலரில் விளம்பரப் பக்கங்களைக்கூட விட்டுவிடக் கூடாது. எந்தக் கடை எந்தத் தெருவில் இருந்தது, எந்தப் பேருந்து நிறுவனம் எந்த வழியில் வண்டி ஓட்டியது என்பதெல்லாம் வேறு எங்கும் பதிவாகாத செய்திகள்.

ஆதாரங்களைத் தேடும்போது இரண்டு இடங்களில் தனிக் கவனம் தேவைப்பட்டது. முதலாவது, மாவட்டப் பெயர். 1951, 1961, 1971 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் புதுக்கோட்டை என்ற பெயரில் மாவட்டமே கிடையாது. நம் ஊர்களைத் திருச்சிராப்பள்ளியின் கீழும், அறந்தாங்கிப் பகுதியைத் தஞ்சாவூரின் கீழும் தேட வேண்டும். இரண்டாவது, ஆண்டுக் கணக்கு. வருவாய்த் துறை சார்ந்த பழைய ஆவணங்கள் பசலி ஆண்டில் எழுதப்பட்டவை. பசலி ஆண்டு ஜூலை முதல் நாளில் தொடங்குவது. தொடங்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் பசலி கிடைக்கும். அதன்படி விடுதலையும் சமஸ்தான இணைப்பும் பசலி 1357 என்ற ஒரே ஆண்டுக்குள் அடங்கிவிடுகின்றன. கோயில் மலர்களிலும் கல்வெட்டுகளிலும் தமிழ் ஆண்டுப் பெயரே இருக்கும். 1947 சித்திரையில் பிறந்தது சர்வசித்து. இந்த மூன்று கணக்குகளையும் ஒரே தாளில் எழுதி, தேடும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு படி கொடுத்துவிட்டோம். பள்ளி மாணவர்கள் அந்தத் தாளைக் கொண்டு வெகு வேகமாக ஆண்டுகளைப் பொருத்திக் காட்டினார்கள்.

1947ஆம் ஆண்டு நாளிதழ்களைக் கிளை நூலகத்தில் எதிர்பார்க்க முடியாது. மாவட்ட மைய நூலகத்தின் வழியாகக் கேட்டதும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய இதழ்களைத் துழாவியதும் பயன் தந்தன. நேரில் செல்லக்கூடியவர்களுக்குச் சென்னையில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகமும், 1994 முதல் இயங்கிவரும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உள்ளன. மாவட்டத்துக்குள்ளேயே ஞானாலயா ஆய்வு நூலகம் இருப்பது எங்களுக்கு வாய்த்த பேறு. பத்திரிகைப் பகுதியில் ஒரு கொள்கையைக் கடைப்பிடித்தோம்: அந்த நாளைப் பற்றித் தமிழ்நாட்டில் ஒரே கருத்து நிலவியதாகக் காட்டக் கூடாது. பெரியார் அதைத் துக்க நாள் என்றார்; அண்ணா அவரோடு மாறுபட்டு, அதை மகிழ்ச்சிக்குரிய நாள் என்று தம்முடைய ‘திராவிட நாடு’ இதழில் எழுதினார். தேசிய இதழ்களின் கொண்டாட்டத்துக்குப் பக்கத்திலேயே இவ்விரு நிலைப்பாடுகளையும் விளக்கும் ஒரு பலகையை வைத்தோம். விழா நாளில் இதெல்லாம் தேவையா என்று சிலர் தயங்கினார்கள். ஒரு நாட்டின் ஆண்டு விழாவைக் கொண்டாடும் நூலகம் அந்த நாட்டு மக்கள் பேசிய எல்லாவற்றையும் காட்டக் கடமைப்பட்டது என்று நான் வாதிட்டேன். நூலகரும் அதை ஏற்றார். பின்னர் பார்வையாளர்கள் மிக நீண்ட நேரம் நின்று படித்ததும் அந்தப் பலகையைத்தான்.

படியெடுப்பதற்கு முன் பதிப்புரிமையைப் பார்த்துக்கொள்வது நல்லது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் பெயருள்ள படைப்புக்கு அவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும்; பெயரிடாத கட்டுரைகளுக்கும் அரசு வெளியீடுகளுக்கும் வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். ஆகவே, 1947இல் வெளியான பெயரில்லாச் செய்திகளை எவரும் படியெடுக்கலாம். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கும் தடை இல்லை. 1970களுக்குப் பிந்தைய மலர்களை முழுப் பக்கமாகப் படியெடுக்காமல், தேவையான சில வரிகளை மட்டும் மேற்கோளாகக் கொடுத்து, மூல மலரையே கண்ணாடி அலமாரியில் வைத்தோம். மலரை வெளியிட்ட பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் ஒரு கடிதம் எழுதிச் சம்மதம் கேட்டபோது, அவர்கள் தங்களிடம் இருந்த புகைப்படங்களையும் சேர்த்தே அனுப்பினார்கள். சட்டம் கேட்காவிட்டாலும் இந்தக் கடிதத்தை எழுதுவது சிறந்தது.

படியெடுக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பழைய தாள் சேதமடைவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். செய்தித்தாளும் மலிவான மலர்த் தாளும் மரக்கூழில் செய்யப்பட்டவை. அவற்றில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் காற்றும் ஒளியும் பட்டுப் பழுப்பேறி, அமிலம் ஊறி, மடிப்புகளில் ஒடியும். நகலெடுக்கும் இயந்திரத்தின் கண்ணாடி மேல் இவற்றைக் கவிழ்த்து அழுத்தினால் முதுகு பிளந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் கைப்பேசியில் மேலிருந்து படமெடுத்தோம். பைண்டு செய்த தொகுதியை முழுவதும் விரிக்காமல், இருபுறமும் சுருட்டிய துண்டுகளை முட்டுக் கொடுத்து, திறப்பு 120 பாகையைத் தாண்டாதபடி வைத்தோம். கைப்பேசியை முக்காலியில் பொருத்தி, அதன் திரை பக்கத்துக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். பிளாஷ் பயன்படுத்தவில்லை, நேர் வெயில் விழாத சன்னல் ஓரமும், வெளிச்சம் போதாத நேரத்தில் இருபுறமும் சாய்வாக வைத்த இரண்டு எல்இடி விளக்குகளும் போதுமானவையாக இருந்தன. ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் அச்சிட ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள் கொண்ட படம் வேண்டும். கை நீளத் தொலைவில் நின்று படிக்கும் ஏ3 தாளுக்கு 200 புள்ளி அடர்த்தியே போதும் என்பதால், அதற்கும் 77 லட்சம் புள்ளிகளே தேவை. இக்காலக் கைப்பேசிகளில் பொதுவாக உள்ள 12 மெகாபிக்சல் கேமரா இரண்டுக்கும் பொருந்தும். படமெடுத்தவுடன் கோப்புக்கு நூலின் பெயர், பக்கம், பதிவேட்டு எண் ஆகியவற்றைக் கொண்டே பெயரிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்த படங்களைப் பின்னால் யாராலும் அடையாளம் காண இயலாது.

மூல நூல்களைப் பூட்டுள்ள கண்ணாடி அலமாரியில், சன்னலுக்கு எதிர்ப்புறத்தில் வைத்தோம். பழைய தாளுக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேல் ஒளி கூடாது என்பது அருங்காட்சியகங்கள் பின்பற்றும் நெறி. அலமாரிக்கு மேலே இருந்த குழல்விளக்கை அணைத்துவிட்டு, அறையின் பொது வெளிச்சத்தையே நம்பினோம். செல்லோ டேப்பும் குண்டூசியும் மூலத் தாளின் அருகிலேயே வரக் கூடாது. டேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்புக் கறையாக இறங்கிவிடும், ஊசி துருப்பிடிக்கும். லேமினேஷன் அதைவிட மோசம். செய்தபின் தாளைப் பிரித்தெடுக்க வழியே இல்லை. விரித்த பக்கம் மூடிக்கொள்ளாமல் இருக்க, வெள்ளைத் தாளை நீளமாகக் கத்தரித்து நூலைச் சுற்றி வளைத்து, முனைகளைத் தாளோடு தாளாக மட்டும் ஒட்டினோம். ஆடி, ஆவணி மழை ஈரத்துக்காக மூலைகளில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைத்ததோடு இந்த வேலை முடிந்தது.

பலகைகளுக்கு மில்போர்டு அட்டைகளைப் பயன்படுத்தி, சணல் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். பெரியவர்களுக்குக் கண்ணுயரம் சுமார் 150 செ.மீ.; மாணவர்கள்தாம் அதிகம் வருவார்கள் என்பதால் பலகையின் நடுப்பகுதி 130 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி இறக்கினோம். விளக்க வரிகளை 24 புள்ளி எழுத்தில் அச்சிட்டோம். அதற்குக் கீழே போனால் மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களுக்குச் சிரமம். எந்த விளக்கமும் ஐந்து வரிகளுக்கு மேல் நீளக் கூடாது என்ற கட்டுப்பாடு எழுதுபவர்களுக்குக் கடினமாக இருந்தது, படிப்பவர்களுக்கு எளிதாக இருந்தது. ஒவ்வொரு விளக்கத்தின் அடியிலும் அந்தச் செய்தி எடுக்கப்பட்ட நூலின் பெயரையும், அது அமர்ந்திருக்கும் அலமாரி எண்ணையும் கட்டாயமாக எழுதினோம். கண்காட்சியைப் பார்த்தவர் அங்கிருந்து திரும்பி இரண்டு எட்டு வைத்து அந்த நூலைக் கையில் எடுக்க முடிய வேண்டும். இதைச் செய்யாவிட்டால் நூலகத்தில் கண்காட்சி வைப்பதற்கும் திருமண மண்டபத்தில் வைப்பதற்கும் வேறுபாடு இல்லை. இரவல் கொடுக்கக்கூடிய நூல்களைப் பலகைகளின் கீழே ஒரு நீள மேசையில் பரப்பி வைத்ததும் இதே நோக்கத்தில்தான்.

ஊர்க்காரர்கள் இருவருக்குத் தனிப் பலகை அமைந்தது. 1887இல் திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி, விடுதலையைப் பார்க்காமலே 1943 மார்ச்சில் மறைந்தவர். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1927இல் சென்னைச் சட்ட மேலவையில் இடம்பெற்ற முதல் பெண் உறுப்பினர். இவர்களைப் பற்றிய நூல்கள் எங்கள் நூலகத்தில் நிறைய இருந்தன. பலகை அமைப்பது எளிதாக முடிந்தது.

அச்சில் இல்லாதவற்றுக்கு மூத்த வாசகர்களை நாடினோம். 1947இல் பத்து வயதாக இருந்தவருக்கு 2022இல் 85 வயது, காத்திருக்க நேரமில்லை. நாளிதழ் படிக்கத் தினமும் காலையில் வரும் பெரியவர்களிடம், அவர்கள் வழக்கமாக அமரும் இடத்திலேயே உட்கார்ந்து பேசி, சம்மதம் பெற்றுக் கைப்பேசியில் பதிவு செய்தோம். சுதந்திர நாளன்று என்ன செய்தீர்கள் என்று பொதுவாகக் கேட்டால், பிற்காலத்தில் கேள்விப்பட்டதும் கலந்தே வரும். அப்போது எந்த வகுப்பில் படித்தீர்கள், பள்ளிக்கு எந்த வழியாகப் போனீர்கள், வீட்டில் யாரிடம் ரேடியோ இருந்தது என்று சிறு சிறு கேள்விகளாகக் கேட்கும்போது நினைவு தானாகத் துலங்குகிறது. “நாங்க அப்ப ராசா சீமையில இருந்தோம் தம்பி, அறந்தாங்கிக்காரங்கதான் வெள்ளைக்காரன் சீமை” என்று ஒரு பெரியவர் சொன்னார். நாங்கள் வரைபடத்தைக் கொண்டு விளக்க முயன்றதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டதால், அதை அப்படியே பெரிய எழுத்தில் அச்சிட்டு முதல் பலகையில் வைத்தோம். இன்னொருவர் தம் வீட்டில் பாதுகாத்த அம்மன் காசு ஒன்றைக் கண்காட்சிக்குக் கொடுத்துதவினார். சமஸ்தானம் தனக்கென்று வெளியிட்ட அந்தச் செப்புக் காசைக் காண மாணவர்கள் முண்டியடித்தார்கள். திருக்கோகர்ணத்தில் 1910 முதல் இயங்கும் அரசு அருங்காட்சியகத்துக்குச் சென்றால் இதுபோல் இன்னும் பலவற்றைப் பார்க்கலாம் என்று ஒரு குறிப்பையும் பக்கத்தில் வைத்தோம்.

நினைவில் சொல்லப்பட்டதை அச்சு ஆதாரத்தோடு ஒத்துப்பார்த்த பிறகே பலகையில் ஏற்றினோம். ஒத்துப்போகாதவற்றை நீக்கிவிடாமல், ‘நினைவுக் குறிப்பு’ என்று வேறு நிறத் தாளில் தனியே அச்சிட்டோம். பேசியவரின் மதிப்பும் குறையக் கூடாது, படிப்பவரும் அதை ஆவணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த நேர்மையான வழி இதுவே.

கடைசிப் பலகை நூலகத்தைப் பற்றியது. விடுதலை பெற்ற மறு ஆண்டிலேயே, 1948இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் ஒரு மாகாணம் இயற்றிய முதல் பொது நூலகச் சட்டம் அது. அதற்குப் பல ஆண்டுகளாக உழைத்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். வீட்டு வரியோடு நாம் செலுத்தும் நூலக வரியும், மாவட்டந்தோறும் உள்ள நூலக ஆணைக்குழுவும், எங்கள் கிளை நூலகமும் அந்தச் சட்டத்தின் வழி வந்தவையே. சமஸ்தானம் இணைந்ததும் இந்தச் சட்டம் பிறந்ததும் ஒரே ஆண்டு என்பதை அந்தப் பலகை காட்டியது. சொத்து வரி கட்டும் ஒவ்வொருவரும் இந்த நூலகத்தின் பங்குதாரர் என்பதை வந்தவர்களிடம் நான் வாய்மொழியாகவும் சொன்னேன். பலருக்கு அது புதிய செய்தியாக இருந்தது. ரங்கநாதனின் நினைவாக ஆகஸ்ட் 12 நூலகர் நாளாகக் கொண்டாடப்படுவதால், கண்காட்சியை அன்றே திறந்து, எங்கள் நூலகரைக் கொண்டே ரிப்பனை வெட்டச் செய்தோம்.

கண்காட்சி முடிந்தபின் பலகைகளைக் கழற்றிக் குப்பையில் போடுவது பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. அதைத் தவிர்ப்பதற்கான வேலையும் கண்காட்சி அமைப்பதற்குச் சமமானது. எல்லாப் படிகளையும் விளக்கத் தாள்களையும் ஒரு பெட்டிக் கோப்பில் அடுக்கி, முன்பக்கத்தில் பொருளடக்கம் ஒட்டி, நன்கொடை நூலாகவே பதிவேட்டில் ஏற்றச் செய்தோம். படங்களும் ஒலிப்பதிவுகளும் நூலகக் கணினியில் ஒரு படியும், வாசகர் வட்டச் செயலாளரிடம் ஒரு படியும் இருக்கின்றன. பதிவேட்டைப் புரட்டித் தயாரித்த மலர்களின் பட்டியல் இப்போது குறிப்புதவிப் பிரிவில் தனிக் கோப்பாக இருக்கிறது. உள்ளூர் வரலாறு எழுதும் கல்லூரி மாணவர்கள் அதைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். சமஸ்தான இணைப்புக்கு 2023 மார்ச்சில் 75 ஆண்டுகள் நிறைந்தபோது, இதே பலகைகளில் ஆறை எடுத்து, அறந்தாங்கிப் பகுதி பற்றிய புதிய இரண்டைச் சேர்த்து, மீண்டும் வைத்தோம். தஞ்சாவூர் மாவட்ட ஆவணங்களில் இன்னும் பார்க்க வேண்டியவை நிறைய இருப்பதால், அந்தப் பகுதிக்கான தேடல் வாசகர் வட்டத்தில் இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது.